குடும்பத்தின் பெயரும் அறத்தின் முதலும்

(விழா அவையில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



போளூரை அடுத்த திருமலையில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துப் பாறைக் கல்வெட்டு ஒன்று உள்ளது. கங்கை வரை சென்ற அம்மன்னனின் வெற்றிகள் அதில் வரிசையாகப் பொறிக்கப்பெற்றிருப்பதால் வரலாற்றாசிரியர்கள் அதனைப் பெரிதும் போற்றுவர். வென்ற நாடுகளும் தோற்ற மன்னர்களும் சொல்லி முடிந்த பின்னரே கல்வெட்டு எதற்காக வெட்டப்பட்டதோ அந்தச் செய்தி வருகிறது. பெரும்பாணப்பாடியைச் சேர்ந்த மல்லியூரில் வாழ்ந்த வணிகன் நன்னப்பயனின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை ஜினாலயத்தில் விளக்கெரிக்க 20 காசும் திருவமுதுக்கு 10 காசும் அளித்தாள். அவ்வளவே. பேரரசனின் மெய்க்கீர்த்தி முழுவதும் ஒரு வணிகக் குடும்பத்துப் பெண்ணின் 30 காசுக்கு முன்னுரையாக நின்றுவிட்டது!

குடும்ப அறக்கட்டளை என்னும் தொடர் புதிது. அதன் உள்ளீடு பழையது. சோழர் காலத்தில் நந்தா விளக்கு ஒன்றுக்கு 90 அல்லது 96 ஆடுகளை விடுவது வழக்கம். ஆடுகளைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளந்து தர வேண்டும். ஆடு மூப்படையும், இறக்கும்; ஆயினும் குட்டிகளால் மந்தை குறையாது நிற்கும். ஆகவே அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்றே கல்வெட்டுகள் குறித்தன. காசாகக் கொடுத்தால் அது ஊர்ச்சபையாரிடமோ வணிகரிடமோ முதலாக நிற்கும். அதன் பொலிசையைக் கொண்டே அறம் நடக்கும். இன்றைய அறக்கட்டளைப் பத்திரங்களில் மூலநிதி என்று எழுதப்படுவது இந்தப் பேராட்டையேயாகும். இதில் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. முதல், கொடுத்தவர் வீட்டில் இருக்கவில்லை. அது பிறர் கையில், பலர் அறிய, கல்லில் எழுதப்பட்ட நிபந்தனையோடு இருந்தது.

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என நால்வகைத் தானங்களை வகுத்த சமண அறம், இல்லறத்தார்க்குப் பொருள் வரைதல் என்னும் அணுவிரதத்தையும் விதித்தது. இவ்விரண்டையும் தனித்தனியே படிப்பதே வழக்கமாகிவிட்டது. உண்மையில் அவை ஒன்றோடொன்று பிணைந்தவை. தனக்கென வரைந்த எல்லைக்கு மேற்பட்ட பொருளின்மீதுள்ள பற்று நீங்குவதற்கே தானம் வழி செய்கிறது. அவ்வாறாயின், பொருளை அறக்கட்டளைக்கு எழுதிவிட்டு அதன் சாவியைத் தன் இடுப்பிலேயே செருகிக்கொள்ளும் குடும்பம் எதைத் துறந்தது? பத்திரத்தில் உடைமையாளரின் பெயர் மாறிற்று. பற்று இருந்த இடத்திலேயே இருக்கிறது. குடும்ப அறக்கட்டளைகள் பலவற்றின் நன்மையும் நலிவும் இவ்வொரு வினாவையே சார்ந்துள்ளன.

சூரத்தைச் சேர்ந்த சமணராகிய பிரேம்சந்த் ராய்சந்த் பம்பாயில் பருத்தி வாணிகத்தாலும் பங்கு வாணிகத்தாலும் பெருஞ்செல்வம் ஈட்டினார். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தமையால் அங்கிருந்து பருத்தி வருவது தடைப்பட, இந்தியப் பருத்தியின் விலை விண்ணைத் தொட்ட காலம் அது. 1864ஆம் ஆண்டில் அவர் பம்பாய்ப் பல்கலைக்கழகத்திற்கு நூலகம் அமைக்க 2 இலட்சம் ரூபாயும், தம் அன்னை ராஜாபாயின் பெயரால் மணிக்கூண்டு எழுப்ப மேலும் 2 இலட்சமும் வழங்கினார். மறு ஆண்டே போர் முடிந்தது, பருத்தி விலை சரிந்தது, பங்குகள் வெறுந்தாளாயின. பம்பாயின் செல்வர் பலரோடு பிரேம்சந்தும் வீழ்ந்தார். ஆனால் கொடுத்த 4 இலட்சம் அதற்குள் பல்கலைக்கழகத்துடையதாகிவிட்டது. 1878ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற அக்கோபுரம் இன்றும் 280 அடி உயர்ந்து நிற்கிறது. கண்பார்வை இழந்திருந்த அன்னை, மணியோசை கேட்டுக் கதிரவன் மறையுமுன் உணவு கொள்ளவே மகன் அதை எழுப்பினார் என்று சொல்வதுண்டு. கதையாயினும், சமணக் குடும்பங்களில் அதைக் கேட்டு நெகிழாதார் இலர். நெகிழ்ச்சிக்கு அப்பால் எண்ணத்தக்கது வேறு. அந்தப் பணத்தைத் தம் கணக்கிலேயே வைத்து, ஆண்டுதோறும் சிறிது சிறிதாகத் தருவதாக அவர் எண்ணியிருந்தால், நூலகமும் இல்லை, கோபுரமும் இல்லை.

பிரேம்சந்த் நிறுவனத்திடம் கொடுத்தார். தாமே நிறுவனம் கண்ட குடும்பமும் ஒன்று உண்டு. சாகு சாந்தி பிரசாத் ஜெயினும் அவர் துணைவியார் ரமா ஜெயினும் 1944ஆம் ஆண்டில் காசியில் பாரதீய ஞானபீடத்தை நிறுவினர். சாந்தி பிரசாத்தின் அன்னை மூர்த்திதேவியின் பெயரால் நூல்வரிசை ஒன்று தொடங்கப்பெற்றது. மூடபித்ரியில் ஓலைச்சுவடியாகக் காக்கப்பட்டு வந்த மகாபந்தம் அவ்வரிசையில் 7 தொகுதிகளாக அச்சேறியது. நால்வகைத் தானங்களுள் சாத்திர தானத்திற்கு இதனினும் பொருந்திய சான்று காண்பது அரிது.

அத்தானத்தின் பயன் தமிழ்ச் சமணரையும் நேரே வந்தடைந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் மெய்யியல் பேராசிரியராக விளங்கிய தமிழ்ச் சமணர் அ. சக்கரவர்த்தி நயினார், குந்தகுந்தரின் சமயசாரத்திற்கு எழுதிய ஆங்கில மொழிபெயர்ப்பும் விளக்கமும் 1950ஆம் ஆண்டில் ஞானபீட வெளியீடாக வந்தன. தமிழில் சமண இலக்கியம் குறித்து அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூலையும் அவர் மறைவுக்குப் பின் 1974ஆம் ஆண்டில் ஞானபீடம் மீண்டும் பதிப்பித்தது. பொன்னூர் மலையில் குந்தகுந்தரின் திருவடிகளை வணங்குவோர் பலர். அவருடைய நூலைத் தமிழ்ச் சமண அறிஞர் ஒருவர் உலகறியச் செய்தபோது அதற்குத் தாளும் அச்சும் தந்தது வடநாட்டு வணிகக் குடும்பம் ஒன்றின் அறநிதி என்பதை அவருள் எத்தனை பேர் அறிவர்?

ஞானபீடத்தின் அடுத்த படி இன்னும் அரியது. 1961ஆம் ஆண்டில் சாந்தி பிரசாத்தின் 50ஆம் பிறந்தநாளின்போது, நாடு முழுவதற்கும் உரிய இலக்கியப் பணி ஒன்றைத் தொடங்க வேண்டுமெனக் குடும்பத்தினர் எண்ணினர். விருந்து வைத்தோ மண்டபம் கட்டியோ முடித்திருக்கலாம். அவர்கள் பல மொழி எழுத்தாளரையும் அறிஞரையும் அழைத்துக் கருத்துக் கேட்டனர். அதற்கே ஆண்டுகள் சில கழிந்தன. ஒவ்வொரு மொழிக்கும் ஆலோசனைக் குழு, அவற்றின் பரிந்துரைகளை ஆராயத் தேர்வுக் குழு, ஒருமுறை விருது பெற்ற மொழி அடுத்த இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்னும் விதி என்று முறைகள் வகுக்கப்பெற்றன. 1965ஆம் ஆண்டுக்கான முதல் விருது, 1 இலட்சம் ரூபாயுடன், மலையாளக் கவிஞர் ஜி. சங்கர குருப்புக்குச் சென்றது. தமிழில் 1975ஆம் ஆண்டுக்கு அகிலனும் 2002ஆம் ஆண்டுக்கு ஜெயகாந்தனும் பெற்றனர். இவர்களுள் எவரும் சமணர் அல்லர். பணம் குடும்பத்தினுடையது, யாருக்கு என்னும் தீர்ப்பை அறிஞர் அவையிடம் விட்டனர். ரமா ஜெயின் 1975லும் சாந்தி பிரசாத் 1977லும் மறைந்த பின்னரும் விருது நின்றுவிடவில்லை.

இனி இல்லங்களின் நிலைக்கு வருவோம். வந்தவாசி, ஆரணி, செய்யாறு, செஞ்சிப் பகுதிச் சிற்றூர்களிலிருந்து சென்னைக்கும் அயல்நாடுகளுக்கும் சென்று பொருளீட்டிய குடும்பங்கள், பெற்றோர் பெயரால் அறக்கட்டளை அமைக்க விரும்புகின்றன. விருப்பம் நன்று. பத்திரம் எழுதும் நாளில் அறங்காவலர் யாவரும் மகன், மருமகள், தம்பி என்றே அமைந்துவிடுகின்றனர். முதல் தலைமுறையில் ஊக்கம் உண்டு. இரண்டாம் தலைமுறையில் ஒருவர் அமெரிக்காவிலும் மற்றவர் பெங்களூரிலும் இருப்பர். மூன்றாம் தலைமுறையினர்க்கு அந்த வங்கிக் கணக்கு இருப்பதே தெரியாது. ஊரில் ஜினாலயத்தின் கூரை ஒழுகிக்கொண்டிருக்க, வைப்புநிதி மட்டும் புதுப்பிக்கப்பட்டுக் கொண்டிருக்கும்.

சட்டமும் இதில் சில எல்லைகளை வகுத்துள்ளது. வரிவிலக்குப் பெறும் அறக்கட்டளை தன் ஆண்டு வருவாயில் 85 விழுக்காட்டையேனும் அறத்திற்குச் செலவிட வேண்டும். பெரும்பணிக்கெனச் சேர்த்து வைப்பதாயின் உரிய முறையில் அறிவித்து 5 ஆண்டுகள் வரை வைக்கலாம். அறக்கட்டளையின் வீட்டை உறவினர்க்குக் குறைந்த வாடகைக்கு விட்டாலோ, அதன் பணத்தை ஈடும் தக்க வட்டியும் இன்றிக் குடும்பத் தொழிலுக்குக் கடனாகத் தந்தாலோ விலக்கு பறிபோகும். குறிப்பிட்ட ஒரு சமயத்தார்க்கே பயன் என்று எழுதப்பெற்ற அறக்கட்டளைக்கும் பொதுவாக வரிச்சலுகை கிட்டுவதில்லை. ஆகவே ஆலயத் திருப்பணியையும், யாவர்க்கும் உரிய கல்வி, மருத்துவப் பணிகளையும் ஒரே பத்திரத்தில் கலந்து எழுதாமல் தனித்தனியே அமைப்பது அறிவுடைமை. பொது அறக்கட்டளையில் முறைகேடு நேர்ந்தால், அதில் அக்கறையுடைய இருவர் நீதிமன்றத்தின் இசைவு பெற்று வழக்குத் தொடுக்க உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு இடந்தருகிறது. நிறுவியவரின் பேரன் ஆயினும் கணக்குக் காட்டவேண்டியவரே.

குடும்பத்திற்குப் புறத்தே அறங்காவலர் இருவரையேனும் சேர்த்தல் வேண்டும். அவருள் ஒருவர் கணக்கறிந்தவராகவும் மற்றவர் பயன்பெறும் ஊரைச் சேர்ந்தவராகவும் இருப்பது நலம். குடும்பத்தில் எவரும் முன்வராத காலத்தில் முதல் எந்த நிறுவனத்தைச் சேரும் என்பதையும் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். கல்வெட்டுகள் பலவற்றின் முடிவில், இந்த அறத்தைக் காப்பவருடைய அடி தன் தலைமேல் என்று கொடையாளர் எழுதிவைத்த பணிவு, பிற்காலத்து முகந்தெரியாக் காவலர்க்கு உரியது. அந்தக் காவலர் தன் மகனாகவே இருக்க வேண்டுமென்று அவர் எழுதவில்லை.

சிறு தொகை உடையோர்க்கு ஒரு சொல். 5 இலட்சம் ரூபாயை மூலநிதியாக வைத்து, 7 விழுக்காடு வட்டி என்று கொண்டால் ஆண்டுக்கு 35,000 ரூபாய் வரும். தனி அறக்கட்டளையாயின் பதிவு, தணிக்கை, ஆண்டு அறிக்கை ஆகியவற்றுக்கே அதில் பெரும்பகுதி போய்விடும். அதே தொகையைக் கணக்கு ஒழுங்காக நடக்கும் ஒரு கல்லூரியிலோ மருத்துவமனையிலோ சமூக அறநிறுவனத்திலோ பெற்றோர் பெயரால் நிதியாக வைத்தால், 35,000 ரூபாயும் ஒரு மாணவியின் கல்விக்கோ ஒரு நோயாளியின் மருந்துக்கோ சென்று சேரும். சாமுண்டப்பையும் தனக்கெனத் தனிக்கோயில் எழுப்பவில்லை. முன்பே நின்ற ஜினாலயத்தில் தன் பெயரால் ஒரு விளக்கை வைத்தாள்.