மண்ணைக் காக்கும் படிப்பு

(உழவர் நாள் விழாவில் உழவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



இந்த மேடையில் புதிய இரகங்களைப் பற்றியும், உர அளவைப் பற்றியும், பயிர்ப் பாதுகாப்பைப் பற்றியும் பேசுவது வழக்கம். இன்று நான் வேறொன்றைப் பேச வந்திருக்கிறேன். உங்களுக்கு யோசனை சொல்லும் நாங்கள் எப்படிப் படிக்கிறோம், எப்படிப் பாடம் நடத்துகிறோம் என்பதே என் பேச்சின் பொருள்.

"கல்லூரிப் பாடத்துக்கும் எங்கள் கழனிக்கும் என்ன ஐயா தொடர்பு?" என்று நீங்கள் கேட்கலாம். நெருங்கிய தொடர்பு உண்டு. இன்று எங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவர் நாளை உங்கள் வட்டாரத்தில் வேளாண்மை அலுவலராக வருவார். அல்லது உரக்கடை வைப்பார். அல்லது உங்கள் பிள்ளையாகவே இருந்து உங்கள் நிலத்தைப் பார்த்துக்கொள்வார். வகுப்பில் அவர் கற்றதுதான் வயலில் நடக்கும். பாடத்தில் பிழை இருந்தால் அதற்கான செலவை உங்கள் மண்ணும் கிணறும்தான் ஏற்க வேண்டும்.

மாணவர் தடுமாறிய கேள்வி

இறுதியாண்டு மாணவர்கள் கிராமத்தில் தங்கி, உழவர்களோடு வேலை செய்து கற்பதை 'கிராம வேளாண் பணி அனுபவம்' என்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர் ஒருவர் இவ்வாறு ஒரு சிற்றூரில் தங்கியிருந்தார். அங்கே ஒரு பெரியவர் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுது, நெல் நடவு செய்திருந்தார். மாணவர் கையேட்டைப் பார்த்து ஏக்கருக்கு இத்தனை கிலோ யூரியா என்று சொன்னார். பெரியவர் கேட்டார்: "தம்பி, நான் மடக்கி உழுத தக்கைப்பூண்டுக்கு உங்கள் கணக்கில் எவ்வளவு கழிப்பீர்கள்?"

பசுந்தாள் உரம் பற்றிய தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிய மாணவர் அவர். ஆனாலும் அவருக்கு விடை தெரியவில்லை. திரும்பி வந்து என்னிடம் கேட்டார். அப்போதுதான் நான் பசுந்தாள் உரத்தை ஒரு பாடமாகவும், யூரியாவை வேறொரு பாடமாகவும் நடத்தி, இரண்டையும் ஒரே வயலில் சேர்த்துக் கணக்கிடச் சொல்லித் தரவில்லை என்பது எனக்கு விளங்கியது. குறை மாணவருடையது அன்று, என்னுடையது.

கணக்கு கடினமானதன்று. ஏக்கருக்கு 2.5 டன் பசுந்தாள் கிடைத்தால், அதில் சுமார் அரை சதவீதம் தழைச்சத்து என்று கொண்டால், சுமார் 12.5 கிலோ தழைச்சத்து ஆகிறது. 45 கிலோ யூரியா மூட்டையில் சுமார் 20 கிலோ தழைச்சத்து உள்ளது. ஆகவே பெரியவர் மடக்கி உழுததில் அரை மூட்டைக்கு மேற்பட்ட யூரியாவின் சத்து இருந்தது. அது அனைத்தும் ஒரே நாளில் பயிருக்குக் கிடைக்காது, மெல்லக் கிடைக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டு முதல் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போடுவதை விட்டு, மாணவர்களையே ஒரு சதுர மீட்டர் தக்கைப்பூண்டை அறுத்து, நிறுத்து, கணக்கிடச் சொல்கிறேன்.

பழைய பாடமும் அதன் விலையும்

நான் மாணவனாக இருந்த 1980-களில் பயிர்ப் பாதுகாப்பு என்றால் அட்டவணைதான். நட்ட இத்தனையாம் நாள் இந்த மருந்து, அடுத்த இத்தனையாம் நாள் அந்த மருந்து என்று மனப்பாடம் செய்தோம். பூச்சி இருக்கிறதா என்று வயலில் இறங்கிப் பார்ப்பது அதற்குப் பின்னர்தான். அன்று பெரிதாகப் பேசப்பட்ட மருந்துகள் பிறகு என்ன ஆயின? டி.டி.டி. 1989-இல் வேளாண்மைப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டது. எண்டிரின் 1990-இலும், பி.எச்.சி. 1997-இலும் தடை செய்யப்பட்டன. எண்டோசல்பானுக்கு 2011-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. மருந்து போய்விட்டது, ஆனால் "நாள் பார்த்துத் தெளி" என்ற பழக்கம் எளிதில் போகவில்லை. மருந்தின் பெயரை மாற்றினால் போதாது. கற்பிக்கும் முறையையே மாற்ற வேண்டும்.

புகையான் கற்பித்த பாடம்

இதற்கு ஒரு நல்ல சான்று இந்தோனேசியாவில் உண்டு. அங்கே நெல்லில் புகையான் பெருகி, உழவர்கள் பெரும் இழப்பை அடைந்தார்கள். மருந்து தெளிக்கத் தெளிக்கப் புகையான் மேலும் பெருகியது. காரணம், புகையானைத் தின்று வாழும் சிலந்திகளும் நாவாய்ப் பூச்சிகளும் மருந்தால் மடிந்தன; தண்டுக்குள் இருந்த புகையான் முட்டைகளோ தப்பிப் பொரித்தன. 1986-இல் அந்நாட்டு அரசு நெல்லில் 57 மருந்துகளைப் பயன்படுத்தத் தடை விதித்தது.

தடையோடு அவர்கள் நிற்கவில்லை. 1989-இல் 'உழவர் வயல்வெளிப் பள்ளி' என்ற முறையைத் தொடங்கினார்கள். சுமார் 25 உழவர்கள் சேர்ந்து, பருவம் முழுவதும் வாரம் ஒரு நாள் வயலிலேயே கூடுவார்கள். தூர்களை எண்ணுவார்கள், தீமை செய்யும் பூச்சி எத்தனை, நன்மை செய்யும் பூச்சி எத்தனை என்று பார்ப்பார்கள், பார்த்ததைப் படமாக வரைந்து, மருந்து வேண்டுமா வேண்டாமா என்று தாங்களே முடிவு செய்வார்கள். தொட்டியில் நட்ட நெற்பயிரை வலைத்துணியால் மூடி, உள்ளே புகையானையும் ஒரு சிலந்தியையும் விட்டுவைப்பார்கள். சிலந்தி என்ன செய்கிறது என்பதைக் கண்ணால் கண்டவருக்குச் சொற்பொழிவு தேவைப்படுவதில்லை. பிறகு இம்முறை நம் நாட்டிற்கும் வந்தது. உழவருக்கு நல்ல முறை என்றால் கல்லூரி மாணவருக்கும் அது நல்ல முறைதானே?

நூறாண்டு கடந்த வயல்

மண்ணைப் பற்றிய பாடமும் இப்படியே. கோயம்புத்தூரில் 1909-இல் தொடங்கிய நிரந்தர உர ஆய்வு வயல் ஒன்று உண்டு. நாட்டின் பல இடங்களில் 1970 முதல் நீண்டகால உர ஆய்வுகள் நடந்து வருகின்றன. அவை காட்டும் உண்மை இது: தழைச்சத்தை மட்டும் ஆண்டுதோறும் இட்ட இடங்களில் விளைச்சல் நாளடைவில் சரிகிறது. தழை, மணி, சாம்பல் ஆகிய மூன்று சத்துக்களுடன் தொழு உரமும் சேர்ந்து கிடைத்த இடங்களில் விளைச்சல் நிலைக்கிறது. மண்ணின் அங்ககக் கரிமமும் காக்கப்படுகிறது. இதைப் புத்தகத்தில் படிப்பது ஒன்று. இரு பாத்திகளின் மண்ணையும் கையில் எடுத்துப் பிசைந்து பார்ப்பது வேறு. பின்னதைச் செய்த மாணவர் உங்களிடம் வந்து யூரியாவை மட்டும் பரிந்துரைக்க மாட்டார்.

முதலில் எங்கள் வீட்டைத் திருத்துகிறோம்

ஊருக்கு உபதேசம் செய்பவர்கள் தங்கள் வீட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும் அல்லவா? மண்ணில் அங்ககக் கரிமம் எவ்வளவு என்று அறிய மாணவர்கள் செய்யும் சோதனையில், ஒரு மாதிரிக்கு 20 மில்லி அடர் கந்தக அமிலமும், 10 மில்லி பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலும் செலவாகின்றன. 40 மாணவர்கள் தனித்தனியே செய்தால் 800 மில்லி அமிலம். குரோமியம் கலந்த கழிவு வேறு. பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் கழிவால் கிணறுகள் கெட்ட கதையை நீங்கள் அறிவீர்கள். மண்ணின் வளத்தை அளக்கும் சோதனையே மண்ணைக் கெடுக்கும் கழிவைத் தரலாமா?

ஐந்து மாணவர்களுக்கு ஒரு மாதிரி என்று பிரித்தபோது எங்கள் வகுப்பில் 160 மில்லி அமிலமே போதுமானதாயிற்று. கழிவைச் சாக்கடையில் ஊற்றாமல் தனிக் கலத்தில் சேர்த்து, முறைப்படி அப்புறப்படுத்த ஒப்படைக்கிறோம். விடுதிச் சமையலறையின் காய்கறிக் கழிவு, பண்ணையின் களைகள், சருகுகள் ஆகியவற்றை மாணவர்களே மட்க வைத்து, தாங்கள் பயிரிடும் பாத்திகளுக்கு இடுகிறார்கள். மட்கு உரம் பற்றிய தேர்வு இப்போது அந்தக் குழியருகேதான் நடக்கிறது.

தண்ணீரிலும் அவ்வாறே. முன்பு எங்கள் பண்ணை நெல் வயலில் எப்போதும் நீர் நிற்கும். வகுப்பிலோ நீர்ச் சிக்கனம் பற்றிப் பேசுவோம். இப்போது வயல்நீர்க் குழாய் வைத்திருக்கிறோம். 30 செ.மீ. நீளமுள்ள குழாயின் கீழ்ப் பாதியில் துளைகள் இட்டு, அந்தப் பாதியை மண்ணில் புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். குழாயினுள் நீர் மண்மட்டத்திற்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் 5 செ.மீ. உயரத்திற்கு நீர் கட்டினால் போதும். நட்ட முதல் இரு வாரங்களிலும், பூக்கும் தருணத்திலும் மட்டும் வயலில் நீர் நிற்க வேண்டும். ஓர் ஏக்கரில் 5 செ.மீ. நீர் என்பது சுமார் 2 லட்சம் லிட்டர். ஒரு நனைப்பு குறைந்தாலும் இவ்வளவு நீர் நிலத்தடியில் மிஞ்சுகிறது. நீர் எப்போதும் தேங்கி நிற்கும் வயலிலிருந்து வெளியேறும் மீத்தேன் வாயுவும் குறைகிறது. மின்சாரம் இலவசமாகக் கிடைக்கலாம். வற்றிய கிணற்றை ஆழப்படுத்துவது இலவசமன்று.

இன்னும் முடியாத வேலை

எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் கூறவில்லை. ஒரு பருவத்தின் காலம் ஒன்று, கல்லூரிப் பருவத் தேர்வின் காலம் வேறு. நாற்று விடும்போது வகுப்பில் இருந்த மாணவர் அறுவடையின்போது தேர்வெழுதப் போய்விடுகிறார். விளைச்சலைக் காணாமலே பட்டம் பெறும் நிலை சில பயிர்களில் உண்டு. அதைவிட, மண்வளம் ஒரு பருவத்தில் தேறுவதன்று. இதற்கு உங்கள் துணை எங்களுக்கு வேண்டும்.

உங்களிடம் வேண்டுவது

1. மாணவர்கள் உங்கள் ஊருக்கு வந்தால், பார்வையிட்டுப் போக விடாதீர்கள். வரப்பிலிருந்து வயலுக்குள் இறக்குங்கள். நாற்றுப் பறிக்கவும், மடை மாற்றவும், எருக் கொட்டவும் சொல்லுங்கள்.

2. அவர்கள் எதைப் பரிந்துரைத்தாலும் "ஏன்? எவ்வளவு? இடாவிட்டால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். விடை தெரியாவிட்டால் எங்களிடம் கேட்டு வரச் சொல்லுங்கள்.

3. உங்கள் மண்வள அட்டையை அவர்களிடம் காட்டி, உங்கள் வயலுக்கு உரிய உர அளவைக் கணக்கிடச் சொல்லுங்கள். இட்ட தொழு உரத்தையும் பசுந்தாளையும் அதில் கழிக்கச் சொல்ல மறவாதீர்கள்.

4. ஒரு நோட்டுப் புத்தகத்தில் விதைத்த நாள், இட்ட உரம், தெளித்த மருந்து, நீர் கட்டிய முறை, விளைச்சல் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். ஐந்தாண்டுக் குறிப்பு இருந்தால் எங்கள் மாணவர்களுக்கு அதைவிடச் சிறந்த பாடநூல் இல்லை.

5. புதிய முறை எதுவானாலும் முதலில் ஐந்து சென்ட் நிலத்தில் செய்து, பக்கத்தில் உங்கள் பழைய முறையையும் வைத்து ஒப்பிடுங்கள். எங்கள் யோசனை உங்கள் நிலத்தில் தோற்றால் அதையும் எழுதித் தெரிவியுங்கள்.

முன்னர் நான் சொன்ன பெரியவரை அடுத்த ஆண்டு எங்கள் வகுப்பிற்கு அழைத்தேன். "எனக்கு என்ன தெரியும், நான் என்ன பேசுவது?" என்று தயங்கினார். பேச வேண்டாம், மாணவர்களிடம் கேள்வி கேளுங்கள் போதும் என்றேன். ஒரு மணி நேரம் கேட்டார். அன்று மாணவர்கள் எழுதிய குறிப்பு, நான் ஒரு மாதம் நடத்தியதைவிட அதிகமாக இருந்தது.

இந்த ஆண்டும் மாணவர்கள் உங்கள் ஊர்களுக்கு வரப்போகிறார்கள். அவர்களைக் கேளுங்கள், சேற்றில் இறக்குங்கள், தவறினால் திருத்துங்கள். அவர்கள் சரியாகக் கற்றால் பயன் பெறப்போவது உங்கள் நிலமும் உங்கள் பிள்ளைகளும்தான்.