பாவ்லோவாவின் கப்பலும் திருவான்மியூர் மேடையும்



தாம்பரத்திலிருந்து வேளச்சேரி வழியே சென்றால் திருவான்மியூர். அங்குள்ள கலாக்ஷேத்திராவின் பரதத்தைக் கலப்பற்ற பழங்கலை என்றே பலரும் போற்றுவர். அதன் தோற்றத்தில் ஒரு ருஷ்யப் பெண்மணிக்குப் பங்குண்டு என்றால் முகம் சுளிப்போரும் உளர்.

1928இல் பம்பாயில் அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தைக் கண்டார் ருக்மிணி தேவி. அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியா சென்ற கப்பலில் இருவரும் உடன் பயணித்தனர். பாவ்லோவா குழுவின் கிளியோ நோர்டியிடம் பாலே பயின்ற ருக்மிணிக்கு, சொந்த நாட்டின் கலையைத் தேடுமாறு அறிவுறுத்தியவர் பாவ்லோவாவே. 1933இல் மியூசிக் அகாதெமியில் சதிர் கண்டு, மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்று, 1935இல் அடையாற்றில் மேடையேறினார். 1936இல் கலாக்ஷேத்திரா பிறந்தது.

பாலேயின் அடியெடுப்பை அவர் ஆட்டத்தில் தேடினால் எளிதில் கிட்டாது. அவர் கொண்டது மேடையைக் காணும் கண். சதிரில் நட்டுவனாரும் பக்கவாத்தியக்காரரும் ஆடுபவளின் பின்னே நின்று, அவள் நகரத் தாமும் நகர்வர். ருக்மிணி அவர்களை ஒரு பக்கமாக அமர்த்தினார். மேடையில் வெற்றிடம் தோன்றிற்று. அதில் ஒளி விழுந்தது. ஒருத்தி ஆடிய கலையில் பலர் நின்றாட இடம் கிடைத்தது. 1944இல் குற்றாலக் குறவஞ்சியும், 1955 முதல் 1970 வரை ஆறு இராமாயண நாட்டிய நாடகங்களும் அவ்விடத்தில் எழுந்தவையே. (பாரதி விட்மனை அறிந்தவர், அதனால் அவருடைய வசன கவிதையை அமெரிக்கச் சரக்கென்று எவரும் ஒதுக்குவதில்லை.)

பெசன்ட் நகர்க் கடற்கரையில் வாழ்ந்த சந்திரலேகாவின் கதையும் இதனை ஒத்ததே. காஞ்சிபுரம் எல்லப்பா பிள்ளையின் மாணவியான அவர், நெடுங்காலம் மேடையை விட்டு விலகியிருந்தார். 1984இல் பம்பாயில் நிகழ்ந்த கிழக்கு மேற்கு நாட்டியச் சந்திப்பு அவரை மீண்டும் அழைத்துவந்தது. ஜெர்மனியின் பீனா பாவுஷ் பிற்காலத்தில் அவருடைய நெருங்கிய தோழியானார். ஆயினும் 1985இல் அவர் படைத்த 'அங்கிகா'வில் ஜெர்மனி இல்லை. களரியும் யோகமும் பரதமுமே உள்ளன.

இவ்வளவையும் கொண்டாடும்போது இழப்பையும் எண்ண வேண்டும். பின்னே நின்ற நட்டுவனார் பக்கத்தில் அமர்ந்தார். நாளடைவில் தாளமும் அவர் குலத்தார் கையிலிருந்து பிறர் கைக்குச் சென்றது. சிருங்காரம் சுருங்கிற்று. அந்த மாற்றத்தை வெளிநாட்டார் தலையில் கட்டுவது எளிது, நியாயம் அன்று. நம்மவரின் கூச்சமே அதில் பெரும்பங்கு. பாவ்லோவா சிருங்காரத்தை விலக்கச் சொன்னாரா என்ன? 1975இல் தமிழ் இசைச் சங்க உரையில் பாலசரஸ்வதி, பரதத்தில் தூய்மைப்படுத்த ஏதுமில்லை என்று வாதாடினார். அவரும் கடல் கடந்தவரே: 1962இல் அமெரிக்காவின் ஜேக்கப்ஸ் பில்லோ விழாவில் ஆடினார். அங்கும் பதத்தைத் தாமே பாடி அபிநயித்த அந்தப் பழைய முறையை அவர் கைவிடவில்லை.