கற்பிட்டியில் கணினி சொல்லும் விலை



விலை ஏறி இறங்குவது புத்தளம் கரையோரத்தாருக்குப் புதிய சங்கதி இல்லை. உடப்பிலும் கற்பிட்டியிலும் சிலாபத்திலும் வள்ளம் கரைக்கு வந்ததும் ஏலம் தொடங்கிவிடும். வாங்க வந்த முதலாளி ஒரு காதில் போனை வைத்து பேலியகொடை மீன்சந்தை விலையைக் கேட்டுக்கொண்டே மற்றக் காதால் ஏலத்தைக் கேட்பார். விடியற்காலையில் போன விலை வெயில் ஏறியதும் நிற்காது. நாலு வள்ளம் சேர்ந்து வந்தால் விழும், கடல் கொந்தளித்து யாரும் போகாத நாளில் ஏறும்.

பக்கத்துக் கரையின் விலை தெரிவதால் என்ன நன்மை என்பதற்குக் கேரளத்தில் ஒரு கணக்கு எடுத்தார்கள். 1997 ஜனவரி 14 ஆம் திகதி வடகரையில் 11 மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் பிடித்த மீனை வீசிவிட்டுப் போனார்கள். அதே காலையில், அங்கிருந்து 15 கிலோமீட்டருக்குள் உள்ள கரைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பினார்கள். பிறகு அந்தக் கரைக்குக் கைத்தொலைபேசி வந்தது. மீனவர்கள் கடலில் இருந்தபடியே எந்தக் கரையில் என்ன விலை என்று கேட்டு அங்கே வள்ளத்தை விட்டார்கள். பொருளியலாளர் ரொபர்ட் ஜென்சன் 2007 இல் வெளியிட்ட ஆய்வின்படி மீனவரின் இலாபம் நூற்றுக்கு 8 கூடியது, வாங்குபவர் கொடுத்த விலை நூற்றுக்கு 4 குறைந்தது, மீன் வீணாவது ஏறக்குறைய நின்றே போனது. இரண்டு பக்கமும் ஆதாயம் கண்ட வியாபாரம் அது. ஆனால் அங்கே விலையைக் கேட்டதும் மனிதர், முடிவெடுத்ததும் மனிதர்.

இன்றைக்கு இணையத்தில் விற்பவர்கள் இந்த இரண்டு வேலையையும் மென்பொருளிடம் ஒப்படைக்கிறார்கள். ரீப்பிரைசர் என்று பெயர். இரவு பகலாக மற்றக் கடைகளின் விலையைப் பார்த்து, நாம் கொடுத்த விதிப்படி நம் விலையை அது மாற்றும். 'எதிராளியைவிட ஒரு ரூபா குறை', 'அவரிடம் சரக்கு முடிந்தால் விலையை ஏற்று' என்ற மாதிரி விதிகள். அமேசனில் ஒரே பொருளைப் பத்துப் பேர் விற்றாலும் பக்கத்தின் மேலே நிற்கும் 'வாங்கு' பொத்தான் ஒருவருக்குத்தான் போகும். அது யாருக்கு என்பதில் விலைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆயிரம் பொருளை வைத்திருப்பவர் ஒவ்வொன்றாக உட்கார்ந்து விலை மாற்ற முடியாது. ஆகவே மென்பொருளின் தேவையை நான் மறுக்கவில்லை. அதற்கு எதைச் சொல்லிக் கொடுக்காமல் விடுகிறோம் என்பதில்தான் வில்லங்கம்.

2011 ஏப்ரலில் நடந்ததைக் கேளுங்கள். பீட்டர் லோரன்ஸ் எழுதிய 'த மேக்கிங் ஒஃப் எ ஃப்ளை' என்ற புத்தகம் 1992 இல் வந்தது. ஈயின் உடல் எப்படி உருவாகிறது என்பதைச் சொல்லும் உயிரியல் நூல். அச்சில் இல்லாததால் அமேசனில் இரண்டே வியாபாரிகள் புதுப் பிரதி இருப்பதாகப் போட்டிருந்தார்கள். கலிபோர்னியாவில் மைக்கல் ஐசன் என்ற உயிரியலாளர் பார்த்தபோது ஒருவர் பதினேழு இலட்சம் டொலருக்கு மேலும், மற்றவர் இருபத்தொரு இலட்சம் டொலருக்கு மேலும் விலை கேட்டிருந்தார்கள். நாள்தோறும் கவனித்ததில் சூட்சுமம் பிடிபட்டது. முதல் கடையின் மென்பொருள் மற்றவரின் விலையை 0.9983 ஆல் பெருக்கிக்கொண்டது. அதாவது எப்போதும் மற்றவரைவிடக் கொஞ்சம் மலிவு. இரண்டாவது கடை முதலாமவர் விலையை ஏறக்குறைய 1.27 ஆல் பெருக்கியது. அவரிடம் புத்தகமே இல்லாமல் இருந்திருக்கலாம். யாராவது கேட்டால் முதலாமவரிடம் வாங்கி இலாபம் வைத்துக் கொடுக்கலாம் என்ற எண்ணமாக இருக்கலாம் என்று ஐசன் ஊகித்தார். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு விதியும் நியாயம்தான். சேர்ந்தபோது விலை ஏறி ஏறி ஏப்ரல் 18 அன்று 2 கோடியே 36 இலட்சத்து 98 ஆயிரத்து 655 டொலர் 93 சதத்தில் நின்றது. தபால் செலவு 3 டொலர் 99 சதம் வேறாம்! கடைசியில் யாரோ கவனித்து 106 டொலருக்கு இறக்கினார்கள்.

ஏறியதைக் கேட்டுச் சிரிக்கலாம், யாரும் வாங்கப் போவதில்லை. இறங்கும்போது சிரிக்க முடியாது. 2014 டிசம்பர் 12, வெள்ளிக்கிழமை மாலை. நத்தார் வியாபாரம் சூடுபிடித்த நேரம். வட அயர்லாந்தின் ரீப்பிரைசர் எக்ஸ்பிரஸ் மென்பொருளில் ஒரு கோளாறு. ஏறக்குறைய ஒரு மணிநேரம் பிரித்தானிய அமேசனில் பல சிறு வியாபாரிகளின் பொருட்கள் ஒரு பென்னிக்குப் போயின. பெரும்பாலான ஓடர்களை அமேசன் இரத்துச் செய்தது. ஆனால் அமேசனின் களஞ்சியத்தில் சரக்கு வைத்திருந்த சிலருடைய பொதிகள் அதற்குள் புறப்பட்டுவிட்டன.

இனி நம்முடைய கரைக்கு வருவோம். கற்பிட்டிக் கட்டாக் கருவாட்டையும் நெத்தலியையும் பேஸ்புக்கில், டராஸில் விற்க நினைக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அதே திரையில் இறக்குமதி நெத்தலியும் பக்கத்தில் நிற்கும். மென்பொருளுக்கு இரண்டும் நெத்தலிதான். வெயிலில் பாயில் காய்ந்ததா, எத்தனை நாள் உப்பில் கிடந்தது என்று அதற்குத் தெரியாது. மூன்று கிலோ மீன் காய்ந்து ஒரு கிலோ ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்று கிலோ மீன், உப்பு, கூலி, பொதி, தளத்தின் கொமிஷன், கூரியர், வாடிக்கையாளர் திருப்பி அனுப்புவதில் வரும் நட்டம் என்று எல்லாவற்றையும் கூட்டினால் கிடைப்பதுதான் உங்கள் அடிவிலை. எதிராளியின் விலையில் இருந்து அதை ஒருநாளும் கண்டுபிடிக்க முடியாது. மேலே போவதற்கும் ஓர் எல்லை உண்டு. பொதியில் அச்சிட்ட உச்ச சில்லறை விலையைத் தாண்டி விற்பது நம் நாட்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி குற்றம். 'மென்பொருள்தான் ஏற்றியது, ஐயா' என்று அதிகாரியிடம் சொல்லித் தப்ப முடியாது.

கருவாட்டைவிட இந்தச் சிக்கலை நன்றாகக் காட்டுவது கற்பிட்டியின் விருந்தினர் விடுதிகள். ஆறு அறை வைத்திருப்பவர்கூட புக்கிங் டொட் கொம், அகோடா, எயார்பிஎன்பி என்று மூன்று இடத்தில் அறையைப் போடுகிறார். ஒரே அறை இரண்டு பேருக்குப் போகாமல் காப்பதற்கு ஒரு மென்பொருள், விலையை மாற்ற இன்னொன்று. பின்னையது பக்கத்து விடுதிகளைப் பார்த்து விலை வைக்கிறது.

பக்கத்து விடுதி என்றால் எது? கப்பலடிக் களப்பை அண்டி இருப்பவர் காற்றாடிச் சறுக்கலுக்கு வருபவரை நம்பியிருக்கிறார். சோளகம் வீசும் மே முதல் செப்டெம்பர் வரை அவருக்கு நல்ல காலம். ஆலங்குடாவில் டொல்பின் பார்க்க வருபவரை நம்பியிருப்பவருக்கு அதே சோளகத்தில் கடல் கொந்தளிப்பதால் படகு விட முடியாது; அவர் பருவம் நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை. இரண்டு இடமும் ஒரே குடாநாடு, வரைபடத்தில் கிட்டக் கிட்ட. ஜூலையில் ஆலங்குடா அறை வெறுமையாக இருப்பதைக் கண்டு மென்பொருள் கப்பலடி அறையின் விலையைக் குறைத்தால் அது வீண் நட்டம். காற்று ஓய்ந்த ஏப்ரலில் அறை போகவில்லை என்று கப்பலடியில் பாதி விலைக்குப் போட்டாலும் காற்றாடிக்காரர் வரமாட்டார். தலவில அன்னம்மாள் திருவிழா ஆகஸ்டில். அதற்கு வரும் நம் நாட்டவரில் பலர் தெரிந்தவருக்குப் போன் எடுத்தே இடம் பிடிக்கிறார்கள், அந்தக் கேள்வி எந்தத் தளத்திலும் பதிவாகாது. சோளகம், கச்சான், வாடை என்று காற்றைப் பெயர் சொல்லிப் பிரித்தறிந்த ஊரார் இந்த விதிகளை எழுத வேண்டும். வேறு நாட்டில் யாரோ எழுதிய இயல்பு விதியை அப்படியே விட்டுவைப்பது சோம்பேறித்தனம் என்றே நான் சொல்வேன்.

விலையைக் குறைத்தால் ஆள் வரும் என்பதுதான் இந்த மென்பொருள்களின் அடிப்படை நம்பிக்கை. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, மே மாதத்தில் நாட்டுக்கு வந்த உல்லாசப் பயணிகள் 37,802 பேர் மட்டுமே. முந்தைய ஆண்டு மே மாதத்தோடு பார்த்தால் நூற்றுக்கு எழுபது குறைவு. பயந்து வராதவரை எந்த மலிவு விலையும் இழுக்காது. அந்த நேரத்தில் விலையைத் தானாக இறங்கவிட்டவர், வந்த ஓரிருவரிடமும் கிடைக்கவேண்டியதை இழந்திருப்பார்.

அடிவிலையை எப்படிக் கணக்கிடுவது? ஓர் உதாரணத்துக்கு, இருவர் தங்கும் அறையில் ஓர் இரவுக்குக் காலை உணவு 2,000 ரூபா, ஏசி மின்சாரம் 1,500, சலவையும் துப்புரவும் 1,000 என்று வைப்போம். மொத்தம் 4,500. தளத்தின் கொமிஷன் நூற்றுக்கு 15 என்றால், 5,300 ரூபாவுக்குக் கீழே கொடுக்கும் ஒவ்வோர் இரவும் நீங்கள் விருந்தினருக்குக் கைக்காசு கொடுத்து உறங்கவைக்கிறீர்கள். வேலையாள் சம்பளமும் வங்கிக் கடனும் இதில் இன்னும் சேரவில்லை. இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுவிட்டு மறக்கவும் கூடாது. 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக நூற்றுக்கு 75 ஏறியது, 2023 பெப்ரவரியில் மேலும் 66. அந்த ஏற்றத்தை மென்பொருளுக்கு யாரும் அறிவிக்கவில்லை.

தளங்களின் ஒப்பந்தத்தையும் வாசித்துப் பாருங்கள். தன்னிடம் போட்ட விலையைவிடக் குறைவாக வேறெங்கும், சிலவேளை உங்கள் சொந்தப் பக்கத்திலும், கொடுக்கக் கூடாது என்ற நிபந்தனை சிலவற்றில் இருக்கும். இந்தியாவில் இப்படி விடுதிகளைக் கட்டிப்போட்டதற்காகவும் வேறு குற்றங்களுக்காகவும் 2022 ஒக்டோபரில் போட்டி ஆணைக்குழு மேக்மைட்ரிப் - கோஐபிபோ நிறுவனத்துக்கு 223 கோடி இந்திய ரூபாவுக்கு மேல் தண்டம் விதித்தது.

ஆகவே இணையத்தில் விற்கும் நேயர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். இன்றிரவு ஒரு கொப்பியை எடுத்து, பொருள் ஒவ்வொன்றுக்கும், அறை ஒவ்வொன்றுக்கும் அடிவிலையையும் உச்சவிலையையும் எழுதுங்கள். காற்றும் திருவிழாவும் மாறும் மாதங்களைப் பக்கத்தில் குறியுங்கள். மென்பொருளில் அடிவிலை, உச்சவிலை என்ற இரண்டு கட்டங்களையும் நிரப்பிய பிறகே அதை இயக்குங்கள். மாதம் ஒருமுறை மின்கட்டணப் பட்டியல் வரும் நாளில் கொப்பியைத் திரும்பப் பாருங்கள்.