முகத்தில் வெளிச்சம் விழட்டும்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



மருத்துவர் என்றதும் சலரோகம், பிறஷர் பற்றிப் பேசுவோம் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று படம் எடுப்பது பற்றிப் பேசப்போகிறோம். அதற்குக் காரணம் உண்டு.

1990இல் ஊர்காவற்துறை, வேலணைப் பக்கத்துச் சனங்கள் வீடுகளை விட்டு வெளிக்கிட்டபோது, பலர் கையில் எடுத்தவை காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும்தான். அல்பங்கள் அலுமாரியிலேயே கிடந்தன. அதனால் தீவகத்தின் எத்தனையோ வீடுகளில் அம்மம்மாவின் இளமை முகத்தைப் பேரப்பிள்ளைகள் கண்டதில்லை. அந்தியேட்டிக் கல்வெட்டு அச்சடிக்கும்போது அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்துப் போடுகிறோம்.

இன்று எல்லோர் கையிலும் கமெரா இருக்கிறது. என்றாலும் கோபுரத்துக்கு இருபது படம், அம்மாவுக்கு ஒன்று. அதிலும் முகம் இருட்டு. தாய் நினைவிழந்து கட்டிலில் கிடக்கையில், நல்ல படம் ஒன்றுமில்லையே என்று கலங்கும் பிள்ளைகளை மருத்துவர்களாகிய நாங்கள் கண்டிருக்கிறோம்.

ஊருக்கு வரும்போது சில சின்ன விடயங்களைக் கவனித்தால் போதும்.

முதலில், லென்ஸைத் துடையுங்கள். குறிகாட்டுவானிலிருந்து நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ படகில் போனால் உப்புத் தூவானம் அதில் படியும். படம் புகார் மூடியதுபோல வரும். மெல்லிய பருத்தித் துணியை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்து துடையுங்கள்.

அடுத்தது வெளிச்சம். உச்சி வெயிலில் கண்குழிகளில் கருநிழல் விழும். காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை நாலரைக்குப் பின்னும் நல்ல நேரம். நெடுந்தீவின் முருகைக்கல் மதில்கள்கூட அந்தச் சாய்வெயிலில்தான் தம் வரிகளைக் காட்டும். மத்தியானம்தான் நேரம் என்றால், அம்மாவை விறாந்தையில் முற்றத்தைப் பார்க்க இருத்துங்கள். வெளிச்சத்துக்கு முதுகு காட்டி இருத்தினால் முகம் கறுத்துப்போகும்.

மூன்றாவது தூரம். திரையை விரலால் விரித்துப் பெருப்பிக்காமல் நீங்களே கிட்டப் போங்கள். மிகவும் கிட்டப் போனால் மூக்குப் பெருத்துத் தெரியும்; நாலைந்து அடி சரி. அவரின் கண்மட்டத்துக்குக் குந்தியிருங்கள். முழங்கைகளை உடம்போடு அணைத்துக்கொண்டால் கை ஆடாது. திரையில் முகத்தைத் தொட்டுவிட்டு எடுங்கள்.

நான்காவது சம்மதம். ஒரு காயத்தைப் படமெடுப்பதற்கும் நாங்கள் நோயாளியிடம் கேட்போம். வீட்டிலும் கேளுங்கள். "முகம் எண்ணெய் வழியுது, இப்ப எடுக்காதை பிள்ளை" என்றால், சேலை மாற்றி வரும்வரை பொறுங்கள். பிறகு பள்ளிக்கூடக் கதை கேளுங்கள். சொல்லச் சொல்ல முகம் மலரும், அப்போது எடுங்கள். பனையோலை பின்னிய அந்தக் கைகளையும் எடுங்கள்.

கடைசியாகப் பெயர். யார், எங்கே, எந்த ஆண்டு என்று எழுதாத படம் இரண்டு தலைமுறையில் அந்நியர் படமாகிவிடும். அச்சிட்ட படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். தப்பிய பழைய படங்கள் இருந்தால், யன்னலோரம் தட்டையாக வைத்து, ஃபிளாஷ் போடாமல் நேர்மேலிருந்து பிரதி எடுங்கள். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தெளிவு குறையும். டொக்கியுமென்ற் ஆக அனுப்புங்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகள் அழிந்தன. ஆகவே ஒரு பிரதி ஊரிலும் ஒன்று வெளிநாட்டிலும் இருக்கட்டும்.

இந்த நூற்றாண்டு ஆண்டில் ஒரேயொரு வேண்டுகோள். உங்கள் குடும்பத்திலோ அயலிலோ உள்ள மூத்த பழைய மாணவி ஒருவரைப் படமெடுத்து, பெயரும் படித்த காலமும் எழுதி, அவர் சம்மதத்துடன் சங்கத்துக்கு அனுப்புங்கள். அவருக்கும் ஒரு பிரதியை அச்சிட்டுக் கொடுங்கள். இந்தப் பாடசாலையைத் தாங்கிய முகங்களை அவர்கள் இருக்கும்போதே பார்த்து மகிழ்வோம்.