கமாவின் பேய்ச்சத்தம்

ஹெட்ஃபோன் மாட்டிக்கோங்க. முதல்ல ஒரு சத்தம்.

[20 விநாடி இரைச்சல்]

பேய்ப்படத்துல பாழடைஞ்ச ஃபேக்டரியைக் காட்டும்போது வருமே, அந்த மாதிரி இருக்குல்ல? திருவொற்றியூருக்குப் பக்கத்துல இருக்கிற மணலியோட காற்று மாசு டேட்டா இது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட இணையதளத்துல யார் வேணும்னாலும் எடுக்கலாம். ஆடாசிட்டின்னு ஒரு இலவச சாஃப்ட்வேர். அதுல 'இம்போர்ட் ரா டேட்டா'ன்னு ஒரு வசதி இருக்கு. எந்த ஃபைலைக் கொடுத்தாலும் அதை ஒலின்னு எடுத்துக்கிட்டு ஓட்டிடும்.

ஆனா நீங்க கேட்டது மணலிக் காத்து இல்ல. அந்த ஃபைல்ல இருக்கிற எழுத்து. கமாவுக்கு 44, பூஜ்யத்துக்கு 48ன்னு ஒவ்வொண்ணுக்கும் கம்ப்யூட்டர் உள்ள ஒரு எண் இருக்கு. அதைத்தான் ஸ்பீக்கர் கத்துது. கொடைக்கானல் டேட்டாவைப் போட்டாலும் இப்படித்தான் அலறும். என் மளிகைக் கணக்கைப் போட்டேன், அதுவும் அலறுச்சு.

சரி, காத்தையே கேக்கணும்னா? 15 நிமிஷத்துக்கு ஒரு அளவுன்னு எடுத்தா வருஷத்துக்கு 35,040 எண்கள். அதை அப்படியே சிடி வேகத்துல, அதாவது விநாடிக்கு 44,100ன்னு ஓட்டினா, ஒரு விநாடிகூட வராது. 'டிக்'. அவ்வளவுதான். அதனால ஒரு நாளை ஒரு விநாடியா நீட்டினேன். மாசு ஏற ஏற சுருதி ஏறும். வருஷம் ஆறு நிமிஷத்துல முடிஞ்சிடும்.

ஏன் 15 நிமிஷ அளவு, நாள் சராசரி போதாதான்னு கேக்கலாம். 2023 டிசம்பர் 26, சுனாமி வந்த அதே தேதி. ராத்திரி எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவர்ற கடலடிக் குழாய்ல கசிவு. தூங்கிட்டிருந்த ஜனம் குழந்தைங்களைத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு ஓடிவந்துச்சு. மூச்சுத்திணறி பல பேர் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. தொழிற்சாலை வாசல்ல ஒரு கனமீட்டர் காத்துல 2,090 மைக்ரோகிராம்னு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொல்லுச்சு. வரம்பு 400. ஆனா அந்த 400, 24 மணி நேர சராசரிக்கான வரம்பு.

ஒரு பேச்சுக்கு, நாலு மணி நேரம் 2,090, மிச்ச இருபது மணி நேரம் 20ன்னு வெச்சுக்கோங்க. சராசரி 365. வரம்புக்குள்ள! ஒலியா மாத்தினா, 15 நிமிஷ அளவுல அது ஒரு வீறிடல். சராசரில, பக்கத்து நாளைவிட கொஞ்சம் மேல் சுருதி, அவ்வளவுதான்.

இன்னொரு வம்பு இருக்கு. மெஷின் ஓடாத நேரத்துக்கு ஃபைல்ல அளவே இருக்காது. சாஃப்ட்வேர் அதைப் பூஜ்யம்னு எடுத்துக்கிட்டா அங்க அமைதி. கேக்கிறவங்களுக்கு நல்ல காத்து அடிச்ச மாதிரி இருக்கும். அதனால அந்த இடத்துல மட்டும், பழைய டிரான்சிஸ்டர்ல ஸ்டேஷன் கிடைக்காதப்ப வருமே ஒரு கரகரப்பு, அதை வெச்சிருக்கேன்.

இப்ப ஆறு நிமிஷத்தையும் போடுறேன். கரகரப்பு எத்தனை தடவை வருதுன்னு எண்ணிக்கோங்க.