எந்தக் கடன் முதலில்?



லண்டனின் அப்டன் பார்க் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து கிரீன் வீதியில் நடப்பவருடைய கண்ணில், நகைக் கடைகளின் கண்ணாடிக்குள் மின்னும் தங்கமும், சற்றுத் தூரத்தில் குயீன்ஸ் மார்க்கெட்டில் குவித்து வைத்திருக்கும் வெண்டிக்காயும் கத்தரிக்காயும் சில நிமிஷ நேரத்துக்குள் பட்டுவிடுகின்றன. ஒரு குடும்பத்தின் சம்பாத்தியம் எங்கே கரைகிறது, எங்கே மிஞ்சக்கூடும் என்பதை அந்த ஒரு வீதியே காட்டிவிடுகிறது என்று நான் பல தடவை எண்ணியதுண்டு.

இலங்கையிலிருந்து வந்து இந்தப் பகுதியில் குடியேறிய நம்மவர்களிற் பலர் கடனோடுதான் விமானம் ஏறினார்கள். ஏஜென்சிக்குக் கட்டிய காசுக்காக ஊரில் காணியை ஈடு வைத்தவர்களும், தாயாரின் தாலிக்கொடியை அடகு வைத்தவர்களும் உண்டு. அந்தக் கடனை மானமாக அடைத்த சமூகம் இது. ஆயினும் அந்த மானமே இன்று நம்மில் சிலரைத் தவறான வழியில் இழுத்துச் செல்கிறது என்பது என் அபிப்பிராயம். சீட்டுக் காசைத் தவணைக்குக் கொடுக்காவிட்டால் கோயில் வீதியில் நாலு பேர் முகத்தில் விழிக்க முடியாதே என்று அஞ்சி அதை முதலில் கொடுத்துவிட்டு, கவுன்சில் வரிக் கடிதத்தைப் பிரித்தும் பாராமல் மேசை லாச்சிக்குள் வைக்கிறோம்.

இந்த நாட்டின் சட்டத்திலோ கடன்களின் வரிசை வேறு. வீட்டு வாடகையும் கவுன்சில் வரியும், எரிவாயு, மின்சாரக் கட்டணங்களுமே பிரதானமானவை. வாடகை நின்றால் வீடு போகும். கவுன்சில் வரி நின்றால் அமீனா வாசலுக்கு வரலாம், வேண்டுமென்றே கட்டாதிருந்தவர் என்று நீதிமன்றம் கண்டால் இங்கிலாந்தில் சிறைவாசம்கூட நேரலாம். கடன் அட்டைக்காரர் எத்தனை கடிதம் எழுதினாலும், அவருடைய முறை இவற்றுக்குப் பிறகுதான்.

ஆனால் அட்டைக் கடனை அலட்சியம் செய்யலாகாது. மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டியில் 2,000 பவுண்டு நிற்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாத வட்டியே 40 பவுண்டு. மாதம் 50 பவுண்டு கட்டுகிறவருக்குக் கடன் தீர ஏழு வருஷத்துக்குச் சற்றே குறைவான காலம் செல்லும். 80 பவுண்டு கட்டுகிறவருக்கோ மூன்று வருஷத்துக்குள் தீர்ந்துவிடும். அந்த 30 பவுண்டு எங்கிருந்து வரும் என்பதுதான் கேள்வி.

என் வீட்டிலும் அந்தக் கேள்வி ஒரு காலத்தில் எழுந்தது. நானும் மனைவியும் மூன்று மாதம் ஒரு பென்ஸ் விடாமல் கொப்பியில் எழுதிப் பார்த்தோம். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் செய்த செலவுகள் அதில் வெளிப்பட்டபோது சங்கடமாகத்தான் இருந்தது, ஆயினும் அந்தச் சங்கடத்துக்குப் பிறகே எங்கள் கடன் குறையத் தொடங்கியது. செவ்வாய், வியாழன், வெள்ளி, சனிக்கிழமைகளில் கூடும் குயீன்ஸ் மார்க்கெட் எங்களுக்குப் பேருதவியாக இருந்தது. நியூ எகனாமிக்ஸ் பவுண்டேஷன் என்ற ஆய்வு ஸ்தாபனம் 2006ஆம் ஆண்டில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, அங்கே வாங்கிய சாமான்கள் அயலிலிருந்த பெரிய சூப்பர் மார்க்கெட்டின் விலையில் ஏறத்தாழப் பாதிக்கே கிடைத்தன.

சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஒருவரையொருவர் நம்பி நடத்தும் அந்தச் சம்பிரதாயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் 2,000 பவுண்டுச் சீட்டை 400 பவுண்டு கழிவுக்கு எடுத்து, அதைக் கொண்டு வேறொரு கடனை அடைப்பவர், வட்டி என்ற பெயரில்லாத வட்டியையே கொடுக்கிறார். நகையை அடகு வைக்க நேர்ந்தாலோ, மீட்பதற்குக் குறைந்தது ஆறு மாத அவகாசம் சட்டப்படி உங்களுக்கு உண்டு. மீட்க முடியாமல் நகை விற்கப்பட்டால், கடனும் வட்டியும் செலவும் போக மிஞ்சும் காசு உங்களுடையது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

எவ்வளவு எழுதிப் பார்த்தாலும் கணக்கு ஒத்துவராத குடும்பங்களும் இருக்கின்றன. 2021 மே மாதத்திலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அவர்களுக்கென ஓர் ஏற்பாடு நடைமுறையில் உள்ளது. கடன் ஆலோசகர் மூலம் விண்ணப்பித்தால், தகுதியுள்ளவருக்கு 60 நாள் அவகாசம் கிடைக்கும். அந்நாட்களில் அதில் சேர்ந்த பெரும்பாலான கடன்களுக்கு வட்டி ஏறாது, வசூல் நடவடிக்கையும் நிற்கும். நடப்பு மாத வாடகையையும் கட்டணங்களையும் மட்டும் தவறாமல் கட்டிவர வேண்டும்.

ஆகையால் இன்றிரவு பிள்ளைகள் உறங்கிய பிறகு, கணவனும் மனைவியுமாக அந்த லாச்சியைத் திறந்து கடிதங்களைப் பிரித்துத் திகதி வாரியாக அடுக்கிவிடுங்கள். நாளைக் காலையில் அவற்றை எடுத்துக்கொண்டு சிட்டிசன்ஸ் அட்வைஸிடம் செல்லுங்கள், அல்லது ஸ்டெப்சேஞ்ச் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசுங்கள். இரண்டிடத்திலும் ஆலோசனைக்குக் கட்டணம் கிடையாது.