பேதுருவின் தூண்டில்

(வானொலியில் ஆற்றிய மறையுரையின் எழுத்து வடிவம்)



நற்செய்தியில் மீன்பிடிப்பு என்றதும் நம் நினைவுக்கு வருவது வலை. இரவெல்லாம் உழைத்தும் வெறுமையாகத் திரும்பிய வலை, கிழியும் அளவுக்கு நிறைந்த வலை, விட்டுவிட்டுப் புறப்பட்ட வலை. ஆனால் ஒரே ஓர் இடத்தில் தூண்டில் வருகிறது. மத்தேயு நற்செய்தி 17ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதி. தூண்டில் முள்ளைக் குறிக்கும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் இல்லை. குருமடத்தில் இதைப் பாடக் குறிப்பேட்டில் எழுதி வைத்ததோடு சரி. அது நம்மைத் தொட்டது சென்ற மாதம், கொள்ளிடக் கரையில்.

நமது பங்கு பெரம்பலூர்ப் பக்கம். பங்கு இளைஞர் ஒருவர் பாலிடெக்னிக் முடித்துத் திருச்சியில் வேலை பார்க்கிறார். தூண்டில் அவருக்குப் பித்து. மழை விட்ட ஒரு சனிக்கிழமை, "ஃபாதர், ஒருநாள் வந்துதான் பாருங்களேன்" என்று அழைத்தார். விடியுமுன் அவருடைய வண்டியில் ஏறினோம். அரியலூர் வழியாக, சிமெண்டு லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி, திருமானூர் போய்ச் சேர்ந்தோம். அரியலூர் மண்ணைத் தோண்டினால் கடல் உயிர்களின் கல்லான உடல்கள் கிடைக்கின்றன. வாரணவாசியில் அவற்றுக்கென்று அருங்காட்சியகமே இருக்கிறது. ஒருகாலத்தில் கடலாயிருந்த வழியில் மீன்பிடிக்கப் போகிறோமே என்று நமக்குச் சிரிப்பு வந்தது.

ஆற்றில் மணல் எடுத்த பள்ளமொன்றில் தண்ணீர் தெளிந்து நின்றது. ஓரமெல்லாம் கோரை. சிறுவயதில் நமக்குத் தெரிந்த தூண்டில் மூங்கில் கோல், தக்கை, ஈயக்குண்டு, மண்புழு அவ்வளவுதான். அவர் வைத்திருந்ததோ விரல் கனம்கூட இல்லாத கோல், தலைமுடி போன்ற தங்கூஸ், மூன்று கிராம் எடையுள்ள முள், அதில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு ரப்பர் புழு. அமெரிக்காவில் சின்னவாய் பாஸ் என்றொரு ஆற்றுமீன் உண்டாம். தெளிந்த குளிர்நீரில் வாழ்வது, எளிதில் ஏமாறாதது. அதற்காக அங்கே வளர்த்தெடுத்த முறையை இவர் கைப்பேசியில் பார்த்துக் கற்றிருக்கிறார்.

நாம் முதலில் வீசியபோது தண்ணீரில் கல்லெறிந்தது போலச் சத்தம். "மெதுவா ஃபாதர், அதுக்கு நாம இருக்கறதே தெரியக்கூடாது" என்றார். பிறகு விளக்கினார். தண்ணீர் கலங்கியிருந்தால் பெரிய இரையும் தடித்த நரம்பும் போதும். தெளிந்திருந்தால் மீன் எல்லாவற்றையும் பார்க்கும். தடித்த நரம்பைக் கண்டால் விலகிப் போய்விடும். சின்ன இரையைத் தரையில் விட்டுச் சும்மா இருக்க வேண்டும். சிறிது அசைக்க வேண்டும், மறுபடி சும்மா இருக்க வேண்டும். மீன் கடித்தாலும் வெட்டி இழுக்கக் கூடாது, மெல்லிய நரம்பு அறுந்துவிடும். ரீலின் பிடியைத் தளர்த்தி, அது ஓடுகிற வரைக்கும் ஓடவிட வேண்டும். அந்தச் சும்மா இருப்பதுதான் நமக்கு வரவில்லை. முப்பது ஆண்டுகளாகப் பிரசங்கம் செய்த கை!

எட்டு மணி சுமாருக்குக் கோரை ஓரம் தண்ணீர்ப்பரப்பு செந்நிறமாகக் கொதிப்பது போலத் தெரிந்தது. நூற்றுக்கணக்கில் குஞ்சுகள். அவற்றுக்குக் கீழே கருப்பாக ஒரு நிழல். விரால்! ஒரு கிலோ தேறும். நாம் அவசரமாகக் கோலை ஓங்கினோம். அவர் கையைப் பிடித்தே தடுத்துவிட்டார். "வேணாம் ஃபாதர். இப்ப எதைப் போட்டாலும் வந்து கடிக்கும். பசியில இல்ல, குஞ்சைக் காப்பாத்தற கோபத்துல. அதைத் தூக்கிட்டா இந்தக் குஞ்சையெல்லாம் மத்த மீன் தின்னுடும்."

சகோதர சகோதரிகளே, நம் கை அப்படியே நின்றுவிட்டது. நமக்கு அந்த இளைஞருடைய தந்தையின் முகம் நினைவுக்கு வந்தது. அவருடைய அனுமதி பெற்றே இதைச் சொல்கிறோம்.

மக்காச்சோளத்தைப் படைப்புழு தின்று தீர்த்த ஆண்டு. பங்குத் திருவிழாவுக்கு முந்தைய ஞாயிறு, தலைக்கட்டு வரி கட்டாத குடும்பங்களின் பெயர்களை நாம் பீடத்தில் நின்று வாசித்தோம். பூசை முடிந்ததும் அவர் உடைமாற்றும் அறைக்கே வந்து சத்தம் போட்டார். "வரியைக் கட்டிவிட்டு வந்து பேசுங்கள்" என்றோம். அன்று போனவர் அதன்பின் கோவில் படி ஏறவில்லை. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக அந்த வாரம்தான் வீட்டு நகையை அடகு வைத்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது. பெயர் வாசிக்கப்பட்டபோது அந்த மகள் பாடகர் குழுவில் நின்றுகொண்டிருந்தாள். திமிர் என்று நாம் எண்ணியது, குஞ்சுகளுக்கு மேல் நின்ற விராலின் கோபம்.

இப்போது மத்தேயு 17க்கு வாருங்கள். கப்பர்நாகூமில் வரி வாங்குவோர் பேதுருவிடம் வந்து, உங்கள் போதகர் கோவில் வரி கட்டுவதில்லையா என்று கேட்கிறார்கள். ஆளுக்கு இரண்டு திராக்மா. ஏறத்தாழ ஒரு கூலியாளின் இரண்டு நாள் கூலி. தலைக்கட்டு வரிதானே இதுவும்! மகனுக்குத் தந்தையின் வீட்டில் வரி ஏது என்று இயேசு வாதாடியிருக்கலாம். அந்த நியாயத்தைப் பேதுருவிடம் தனியாகச் சொல்லவும் செய்கிறார். ஆயினும் எவருக்கும் இடறலாக வேண்டாம் என்று தூண்டில் போடச் சொல்கிறார். முதல் மீனின் வாயில் கிடைத்த நாணயம் இருவருக்குமான வரி. கேட்டவர்களும் தலைகுனியவில்லை, பேதுருவும் தலைகுனியவில்லை. கலிலேயாவில் இன்று பயணிகளுக்குப் பேதுரு மீன் என்று பரிமாறுவது நம்மூர் ஜிலேபியின் உறவு மீன். அது பெரும்பாலும் நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்பது, தூண்டிலில் சிக்கியது வேறு மீனாயிருக்கும் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. அது இருக்கட்டும்.

அதே இயேசு பேதுருவை மனிதரைப் பிடிப்பவராக அழைத்தபோது, லூக்கா கையாளும் வினைச்சொல் போர்க்களத்தில் ஒருவரைக் கொல்லாமல் உயிரோடு பிடிப்பதைக் குறிப்பது. நாம் அந்த ஞாயிறு பீடத்திலிருந்து வீசியது என்ன? கலங்கிய நீருக்கான தடித்த நரம்பு. ஏலாக்குறிச்சி இங்கிருந்து தொலைவில்லை. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் இந்தக் கரையில் வாழ்ந்து, நம் மக்களின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டு, 1732இல் சதுரகராதி தொகுத்தார். இந்த மண்ணிலேயே பிறந்த நாம் ஒரு மனிதரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

விராலை விட்டுவிட்டு வேறிடம் போனோம். மதியத்துக்குள் நான்கு ஜிலேபி, ஓர் உளுவை. எல்லாம் கையகலம். மாலையில் அவற்றை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனோம். அவர் திண்ணையில் இருந்தார். எழுந்து, "வாங்க சாமி" என்று கட்டிலை இழுத்துப் போட்டார். அன்று பெயர் வாசித்தது தவறு, உங்கள் பிள்ளையின் முன்னால் உங்களைத் தலைகுனிய வைத்துவிட்டோம், மன்னியுங்கள் என்றோம். வெகுநேரம் பேசவில்லை. நாமும் பேசவில்லை. அந்த ஒன்றைக் காலையில் கற்றிருந்தோம்.

பிறகு பையைத் திறந்து பார்த்தார். "இந்த நாலு ஜிலேபிக்காகவா சாமி திருமானூர் வரைக்கும் போனீங்க? மண்புழு போட்டிருந்தா கூடை நிறைஞ்சிருக்கும்."

இந்த ஆண்டு நாம் பட்டியல் வாசிக்கவில்லை. அவர் இன்னும் பூசைக்கு வரவில்லை. வருகிற சனிக்கிழமை மண்புழுவோடு நம்மை அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.